தகட்டில் தமிழ் எழுத்து லேசர் கட்டிங்: சுழி விழாமல் கோப்பு தயாரிப்பது எப்படி?

வரைகோல்:
2 மி.மீ. எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) தகட்டில் 'வணக்கம்' என்று வெட்ட வேண்டும். தகடு 600 × 200 மி.மீ., எழுத்து உயரம் 90 மி.மீ., ஃபைபர் லேசர். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் டைப் செய்து, வெட்டுபவர்களுக்கு டிஎக்ஸ்எஃப் (வெட்டுக்கோடுகள் உள்ள வரைபடக் கோப்பு) அனுப்பினேன். "டபுள் லைன் இருக்கு, சுழியெல்லாம் விழுந்துடும்" என்று திருப்பிவிட்டார்கள். எதிலிருந்து தொடங்குவது?

லேசர்மேசை:
எழுத்து ஓட்டையாக வேண்டுமா, எழுத்தே தனித் துண்டாக வேண்டுமா? ஓட்டை என்றால் வ, ண, க, ம நான்கிலும் சுழியின் (வளைந்து மூடிக்கொள்ளும் பகுதியின்) உள்துண்டு கழன்று விழும்; புள்ளிக்குக் கவலையில்லை, அது வெறும் துளை. தனி எழுத்து என்றால் நேர்மாறு: சுழி பத்திரம், புள்ளி தனியே போய்விடும். உங்களுடையது முதல் வகை போலத் தெரிகிறது.

இங்க்ஸ்கேப்பின் பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் (எழுத்தைக் கோட்டு வடிவமாக்கும்), பிறகு அன்குரூப், பிறகு யூனியன் (வடிவங்களை ஒன்றாக்கும்). யூனியனை விட்டுவிடாதீர்கள். சில ஃபான்ட்களில் ஒரே எழுத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு மூன்று வடிவங்களாக இருக்கும். திரையில் கறுப்பாக நிரம்பியிருப்பதால் தெரியாது. லேசர் உள்ளே மறைந்த கோட்டையும் வெட்டும். டிஸ்ப்ளே மோடை அவுட்லைனுக்கு மாற்றினால் எல்லாம் வெளிச்சமாகிவிடும். ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) கொடுத்து எழுத்தைத் தடிப்பாக்கியிருந்தால் முதலில் ஸ்ட்ரோக் டு பாத் செய்யுங்கள். லேசருக்குக் கோட்டின் தடிமன் கணக்கில்லை.

அடுத்து பிரிட்ஜ், அதாவது உள்துண்டைத் தகட்டோடு பிடித்துவைக்கும் பாலம். 2.5 மி.மீ. அகலச் செவ்வகத்தைச் சுழியின் கோட்டுக்குக் குறுக்கே மேலாக வைத்து டிஃபரன்ஸ் கொடுங்கள்; செவ்வகம் படும் இடம் எழுத்திலிருந்து கழிந்துவிடும். உள்துண்டு பெரிதாக இருந்தால் மேலொன்று கீழொன்று என இரண்டு வேண்டும். ஒன்றோடு விட்டால் கை பட்டதும் இலைபோல் மடங்கும். ண-வில் அடுத்தடுத்து உள்துண்டுகள் வரும், ஒவ்வொன்றுக்கும் தனியாகப் போடுங்கள். எல்லா எழுத்திலும் பிரிட்ஜ் ஒரே திசையில் இருந்தால்தான் வடிவமைப்பாகத் தெரியும், இல்லாவிட்டால் ஒட்டுப்போட்டதுபோல் இருக்கும்.

தகடுக்கணக்கு:
2.5 எனக்குக் குறைவாகப் படுகிறது. பிரிட்ஜ் அகலத்துக்குத் தகட்டின் தடிமன் அளவுதான் குறைந்தபட்ச எல்லை. வாசலில் மாட்டுவதென்றால் 3 வையுங்கள். கெர்ஃப், அதாவது லேசர் தின்னும் அகலம், இந்தத் தடிமனுக்குச் சுமார் 0.1 முதல் 0.2 மி.மீ. அதை வழக்கமாக வெட்டுபவரே மென்பொருளில் ஈடுகட்டுவார். நீங்களும் ஈடுகட்டினால் இரட்டிப்பாகும், கேட்டுக்கொள்ளுங்கள்.

புள்ளியைப் பாருங்கள். சில ஃபான்ட்களில் அது வளையம், நடுத்துண்டு விழுந்துவிடும், திடவட்டமாக மாற்றுங்கள். விட்டம் தகட்டின் தடிமனுக்குக் கீழே போகக் கூடாது. லேசர் துளையிட்டு உள்நுழைய இடமில்லாமல் ஓரம் உருகிச் சிதைந்துவிடும். உங்கள் அளவுக்குப் பிரச்சினையில்லை; 15 மி.மீ. எழுத்துப் பெயர்ப்பலகைகளில்தான் மாட்டிக்கொள்வார்கள். எஸ்எஸ் என்பதால் நைட்ரஜனில் வெட்டச் சொல்லுங்கள். ஆக்சிஜனில் வெட்டினால் ஓரம் கறுக்கும்.

கோப்பில் இரண்டு விஷயம். டிஎக்ஸ்எஃப்பில் அளவலகு தவறிப்போவது சகஜம்: மி.மீ.யை அங்குலமாகப் படித்தால் 25.4 மடங்கு பெரிதாகும். அதனால் வெளிச்சட்டம் 600 × 200 மி.மீ. என்று மின்னஞ்சலிலும் எழுதுங்கள். இன்னொன்று, வளைவுகள் நூற்றுக்கணக்கான பொடிக் கோடுகளாக உடைந்திருந்தால் இயந்திரம் திக்கித் திக்கிப் போய் ஓரம் சொரசொரப்பாகும். சிம்பிளிஃபை (கணுக்களைக் குறைக்கும் கட்டளை) ஒரு முறை கொடுத்து, எழுத்தின் வடிவம் மாறவில்லையா என்று மூல எழுத்தின் மேல் வைத்துப் பாருங்கள்.

வரைகோல்:
நன்றி. இதையே தனித்தனி எழுத்தாக வெட்டிச் சுவரில் பதிக்க நினைத்தால் புள்ளிக்கு என்ன வழி?

லேசர்மேசை:
புள்ளியைக் கீழே இறக்கி எழுத்தோடு ஒட்டவைப்பதுண்டு. எனக்குப் பிடிக்காது, தூரத்தில் க் என்பது க-வாகத் தெரியும். புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே 3 மி.மீ. கழுத்து கொடுக்கலாம். இல்லையென்றால் புள்ளியைத் தனித் துண்டாகவே வெட்டி, பின்னால் ஸ்டட் (சுவர்த் துளையில் நுழையும் சிறு கம்பி) வெல்டு செய்து பதியுங்கள். அப்போது சிறிய துண்டு மேசையின் பற்களுக்கிடையே விழாமலிருக்க மைக்ரோ ஜாயின்ட் (வெட்டாமல் விடும் நுண்ணிய இணைப்பு) விடச் சொல்லுங்கள். இடைவெளி பிசகாமல் பதிக்க, அதே கோப்பை 1:1 அளவில் காகிதத்தில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டித் துளை போடுங்கள்.