தவழும் குழந்தையும் ஓடும் குழந்தையும் ஒரே அறையில்: உங்கள் அனுபவம் என்ன?

எங்கள் காப்பகத்தில் ஆறு மாதம் முதல் நான்கு வயது வரை எல்லோருக்கும் ஒரே அறைதான். பாதுகாப்பு என்றதும் பிளக் மூடி, மேசை முனைக்கு ரப்பர் என்றே பேச்சு தொடங்குகிறது. அவையும் வேண்டும். ஆனால் எங்களைப் பாடாய்ப் படுத்தியது, மூத்தவர்கள் கோக்கும் மணிகள் இளையவர்களின் வாய்க்குப் போவதுதான். கழிப்பறைக் காகிதச் சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எதுவும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் கைக்கு எட்டக் கூடாது. அந்தக் குழாய் ஒன்று எப்போதும் என் மேசையில் இருக்கிறது. புதுப் பொம்மை வந்தால் முதலில் அதில் போட்டுப் பார்ப்பேன்.

அறையின் நடுவே தாழ்வான மரத்தடுப்பு வைத்தோம். தரையில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியைக்கும் மறுபக்கம் தெரிய வேண்டும், அவ்வளவுதான் உயரம். அலமாரியை நிறுத்தி மறைக்கலாம் என்றார் ஒருவர். நான் உறுதியாக மறுத்தேன். கண்ணுக்கு எட்டாத மூலையைப் போல ஆபத்தானது வேறில்லை. இருக்கிற அலமாரிகளையும் சுவரோடு திருகி இறுக்கியிருக்கிறோம். ஏறிப் பழகும் குழந்தை இழுப்பறையை இழுத்து அதன்மேல் கால் வைத்தால் அலமாரியே சாய்ந்துவிடும்.

*

தடுப்பு நல்ல யோசனை அக்கா. எனக்குத் தூங்கும் இடத்தில்தான் போராட்டம். ஒரு பாட்டி பேத்திக்குத் தலையணையும் போர்வையும் கொண்டுவந்து, "இது இல்லாமல் படுத்தால் தலை தட்டையாகிவிடும்" என்றார். ஒரு வயது வரை கெட்டியான, சமமான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், தொட்டிலில் வேறெதுவும் இருக்கக் கூடாது, முகத்தை மூடினால் மூச்சு முட்டும் என்று விளக்கினேன். தலையின் வடிவத்துக்காக, விழித்திருக்கும்போது நம் கண்ணெதிரே குப்புறப் படுத்து விளையாட விடுகிறோம் என்று காட்டிய பிறகே சமாதானமானார். அவர் பயத்திலும் அன்புதான் இருந்தது.

*

பெரியவர்களின் கைப்பைகளையும் கவனியுங்கள். மாத்திரை, நாணயம், பொத்தான் பேட்டரி எல்லாம் அதில்தான் அறைக்குள் வருகின்றன. அந்த பேட்டரி தொண்டையில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எங்கள் வாசலில் பைகளுக்கென்று உயரத்தில் கொக்கிகள் அடித்துவிட்டோம். கதவின் கீல் பக்க இடுக்கில் விரல் நசுங்காமலிருக்க நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்? எங்கள் கதவு பழையது, எந்த மறைப்பும் நிற்க மாட்டேன் என்கிறது.