உரக்கடை வேலைக்கு நடுவே வீடியோ எடிட்டிங்: எங்கிருந்து தொடங்குவது?

பாபநாசம் பில் கவுண்டர்

வணக்கம். பாபநாசத்தில் ஓர் உரக்கடையில் பில் போடுகிறேன். வயது 27, சம்பளம் 14,000. மேட்டூர் திறந்துவிட்டால் ஆனியிலேயே குறுவைக்கூட்டம் வந்துவிடும். சம்பாவுக்கு மேலுரம் போகிற ஐப்பசி, கார்த்திகையில் மதியச் சாப்பாடே நான்கு மணிக்குத்தான். தை பிறந்து அறுவடை தொடங்கினால் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த மாதங்களிலும், மற்ற நாட்களில் ராத்திரி எட்டரைக்கு மேலும் எடிட்டிங் செய்து ஏதாவது சம்பாதிக்கலாமா என்று யோசனை.

போன வருடம் தங்கை வளைகாப்பு முடிந்ததும், வந்தவர்கள் போனில் எடுத்ததையெல்லாம் வாங்கி கைன்மாஸ்டர் ஆப்பில் ஒட்டி நான்கு நிமிட வீடியோ ஆக்கினேன். பெரியம்மா பார்த்துவிட்டு அழுதுவிட்டார். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். இப்போது டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் மூன்று மாதமாகப் பழகுகிறேன். லேப்டாப் பழசு. 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. போனில் எடுத்த 4கே கிளிப்பைப் போட்டால் திக்கித் திக்கி ஓடுகிறது.

தஞ்சாவூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் மூன்று மாதத்துக்கு 35,000 கேட்கிறார்கள், சேரலாமா? புது லேப்டாப்பைத் தவணையில் எடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டுமா? இணையத்தில் வேலை பிடித்துத் தரும் ஃபைவரில் கணக்கு திறப்பதா, இங்கே ஸ்டுடியோ வாசலில் போய் நிற்பதா? ஒரு ஸ்டுடியோவில் கேட்டேன். "முதல் பத்துக் கல்யாணம் சும்மா செய்து கொடு, கை பழகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். அதுதான் வழக்கமா?

மன்னார்குடி மாடி ரூம்

லேப்டாப்புக்குத் தவணை வேண்டாம். ரிசால்வுக்கு 16 ஜிபி ராம் வேண்டும் என்று அதைச் செய்பவர்களே சொல்கிறார்கள். உங்கள் மாடலில் இடம் இருந்தால் இன்னொரு 8 ஜிபி போடுங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் எஸ்எஸ்டியாக மாற்றுங்கள். இவை இரண்டுக்கு மேல் இப்போது செலவே செய்யாதீர்கள்.

திக்குவதற்கு மருந்து பிராக்ஸி. கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்தால் 'ஜெனரேட் பிராக்ஸி மீடியா' என்று இருக்கும். ராத்திரி படுக்கும்முன் அதைத் தட்டிவிட்டுப் போங்கள், காலையில் சின்ன நகல்கள் தயாராக இருக்கும். வெட்டுவது நகலில், கடைசியில் வெளியே எடுக்கும்போது ஒரிஜினல். டைம்லைனை 1080-இல் வையுங்கள். பார்க்கப்போவது போனில்தானே, 4கே எதற்கு?

இன்னொன்று, இது முதல் மாதம் எல்லோரையும் அழவைக்கும். போன் கேமரா ஒரே வேகத்தில் ஃபிரேம் எடுக்காது, வெளிச்சத்துக்குத் தகுந்தபடி கூட்டும் குறைக்கும். அதை அப்படியே போட்டால் பத்து நிமிடத்தில் ஐயர் வாய் ஒரு பக்கம், மந்திரம் ஒரு பக்கம் போகும். ஹேண்ட்பிரேக் என்று வீடியோவை மாற்றும் மென்பொருள் இருக்கிறது, இலவசம். அதில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' வைத்து மாற்றிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். ஐபோன் கிளிப் மட்டும் வெளிறியோ கண் கூசியோ தெரிந்தால் அது எச்டிஆர், ஒளியையும் நிறத்தையும் கூடுதலாகப் பதியும் முறை. கலர் பக்கத்தில் தனியாகச் சரிசெய்ய வேண்டும்.

குடந்தை பழைய மிக்ஸிங்

தம்பி, பத்துக் கல்யாணம் சும்மா கேட்டவர் பதினோராவதுக்கும் சும்மாதான் கேட்பார். அந்தப் படி ஏறாதே.

நான் 2003-இல் கும்பகோணத்தில் மிக்ஸிங் சென்டர் வைத்தவன். எடிட்டிங் என்ற சொல் அப்போது சினிமாக்காரர்களுக்கு, எங்களுக்கு மிக்ஸிங். ஒரு மணி நேரக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும், 13 ஜிபி தின்னும். 80 ஜிபி டிஸ்க்கில் ஒரு கல்யாணத்துக்கே மூச்சு முட்டும். அதனால் எதை வைப்பது, எதை விடுவது என்று ஏற்றும்போதே முடிவு செய்தாக வேண்டும். அந்தக் கஷ்டத்தில் கற்றதுதான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது. 35,000 கொடுத்தால் பட்டன் சொல்லித் தருவார்கள். பட்டனை யூடியூபிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

நீ போகவேண்டிய இடம் கல்யாண ஸ்டுடியோ இல்லை என்பது என் கணக்கு. அங்கே ட்ரோன், கேண்டிட், டீசர் என்று பெரிய பையன்கள் இருக்கிறார்கள். ஆடி, புரட்டாசி, மார்கழியில் முகூர்த்தமும் கிடையாது. திருக்கடையூரைப் பார். அறுபதாம் கல்யாணம் முகூர்த்த மாதம் பார்த்து வருவதில்லை, அவரவர் பிறந்த மாதமும் நட்சத்திரமும் பார்த்து வருவது. ஆடியிலும் ஜோடி வரும், மார்கழியிலும் வரும். 60-க்கு சஷ்டியப்தபூர்த்தி, 70-க்கு பீமரத சாந்தி, 80-க்கு சதாபிஷேகம். பிள்ளைகள் சென்னை, துபாய், டெக்சாஸ் என்று இருப்பார்கள். மண்டபத்து வீடியோகாரர் இரண்டு மணி நேரம் ஓடுகிற பென்டிரைவ் கொடுப்பார். அதை எந்தப் பிள்ளையும் முழுக்கப் பார்த்து நான் கேள்விப்பட்டதில்லை. அதே நேரம் இருபது உறவுக்காரர் போனில் ஆளுக்குப் பத்து கிளிப் தூங்கும். அதை வாங்கி ஆறு நிமிடமாக்கிக் கொடு. கேமரா வேண்டாம், மண்டபத்துக்கே நீ போக வேண்டாம். தங்கை வளைகாப்புக்குச் செய்தாயே, அதே வேலைதான்.

ஆனால் சடங்கு வரிசை தெரிந்திருக்க வேண்டும். கோபூஜை, கஜபூஜை, ஹோமம், கலச அபிஷேகம், மாங்கல்யதாரணம். தாலிக்குப் பிறகு கலசத் தண்ணீர் ஊற்றுவதைப் போட்டால், வெளியூர்ப் பேரனுக்குத் தெரியாது, பாட்டிக்குத் தெரிந்துவிடும். அபிஷேகத்தில் இன்னொன்றையும் பார்த்துக்கொள். பிள்ளைகள் எல்லோரும் சல்லடை பிடித்துத் தண்ணீர் ஊற்றுவார்கள், அழகான காட்சி. அந்த அம்மா நனைந்த புடவையோடு நிற்பார். முகமும் கையும் தெரிகிற ஷாட்டை வை, மற்றதை எடுத்துவிடு. யாரும் இதை உன்னிடம் கேட்க மாட்டார்கள். விட்டுவைத்தால் மட்டும், அந்த வீடியோ குடும்ப வாட்ஸாப் குழுவுக்குள் போகாது. அந்தக் குழுவில் போனால்தானே உனக்கு அடுத்த வேலை வரும்.

நான் பட்ட அடி ஒன்று. 2011-இல் ஒரு சதாபிஷேகம். தூண் பக்கத்தில் ஒரு பெரியவர் சும்மா நின்றுகொண்டே இருப்பார், எட்டுப் பத்து ஷாட்டில். ஒன்றும் செய்யவில்லையே என்று எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். அவர் தாத்தாவின் அண்ணன். முழங்கால் வலியில் உட்கார முடியாமல் நின்றிருக்கிறார். மூன்றாம் மாதம் காலமாகிவிட்டார். அந்த வீட்டு மருமகள் கும்பகோணம் வந்து, "பெரியப்பா நின்ற அந்த இடம் மட்டும் கிடைக்குமா" என்று கேட்டார். நான் கேசட்டின் மேலேயே வேறு வேலை எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வெட்டும்முன் ஒரு குரூப் போட்டோ வாங்கி, யார் யார் என்று வீட்டில் ஒருவரை உட்காரவைத்துக் கேட்காமல் நான் தொடுவதில்லை. மூலக் கிளிப்பை ஒரு வருடம் வைத்திருப்பேன்.

பணம். என் அக்கா மகன் போன வருடம் முதல் வேலையை 1,500-க்குப் பிடித்தான். 22 மணி நேரம் உட்கார்ந்தான். மணிக்கு 70 ரூபாய்கூட இல்லை. சித்தாள் கூலிக்குக்கீழே. ஏன் தெரியுமா? ஏழு முறை திருத்தம். "இந்தப் பாட்டை மாற்று", "மாமா இன்னும் கொஞ்சம் வரட்டும்." அடுத்த வேலையில் ஆரம்பத்திலேயே வாட்ஸாப்பில் எழுதிவிட்டான்: நீளம் ஆறு நிமிடம், திருத்தம் இரண்டு முறை, மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 300, கிளிப் எல்லாம் வந்து சேர்ந்த பத்தாம் நாள் கொடுப்பேன், பாதி முன்பணம். 3,500 கேட்டான், கொடுத்தார்கள். சரிபார்க்க அனுப்புவதில் நடுவே பெயர் எழுதி, சின்ன அளவில் அனுப்பு. மீதி வந்தபிறகு முழுசு. சொந்தக்காரராக இருந்தாலும் இதுதான். சொந்தக்காரர் என்றால் ரொம்பவே இதுதான்.

வேதாரண்யம் ரோடு

மிக்ஸிங் அண்ணன் சொல்வதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். விசேஷ வேலையில் ஒவ்வொரு தடவையும் புது ஆளைத் தேட வேண்டும். நான் திருத்துறைப்பூண்டியில் வீட்டிலிருந்து செய்கிறேன், இரண்டு பிள்ளைகள். எனக்குச் சரிப்பட்டது மாத வேலை. ஒரு ஜவுளிக்கடைக்கு மாதம் எட்டு ரீல்ஸ், ஓய்வுபெற்ற ஒரு விவசாய அதிகாரியின் யூடியூப் சேனலுக்கு வாரம் ஒரு வீடியோ. தொகை பெரிதில்லை, ஆனால் 5-ஆம் தேதி வந்துவிடும்.

தம்பி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் உரக்கடையில் இருக்கிறீர்கள். விவசாய சேனல் நடத்துகிறவர்களுக்கு எடிட்டர் கிடைக்கிறார்கள், பயிர் தெரிந்த எடிட்டர் கிடைப்பதில்லை. அந்த அதிகாரி முதலில் வேறு பையனிடம் கொடுத்தபோது, குருத்துப்பூச்சி பற்றிப் பேசுகிற இடத்தில் இலைச்சுருட்டுப் புழு படத்தைப் போட்டிருக்கிறான். கருத்துப்பகுதியில் ஊரே சிரித்தது. இன்னொரு வீடியோவில் ஏக்கருக்குச் சொன்ன யூரியா அளவை ஹெக்டேர் என்று எழுத்தில் போட்டுவிட்டான். அது சிரிக்கிற தப்பும் இல்லை. நீங்கள் பில் போடும் கையால் அதைப் போட்டால் தவறாது. கடைக்கு வருகிற விவசாயிகளில் சேனல் வைத்திருப்பவர் ஒருவராவது இருப்பார், விசாரியுங்கள்.

பாட்டு விஷயத்தில் கவனம். சினிமாப் பாட்டை ஒட்டி யூடியூபில் ஏற்றினால், உரிமையுள்ள பாட்டைத் தானே கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடி பிடிக்கும். விளம்பர வருமானம் பாட்டுக்காரருக்குப் போகும், சில சமயம் வீடியோவே தெரியாது. சேனல் வேலைக்கு யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இருப்பதை எடுங்கள். விசேஷ வீடியோ என்றால் அங்கேயே வாசித்த நாதஸ்வரமும் தவிலும் ஏதாவது ஒரு கிளிப்பில் நன்றாகப் பதிந்திருக்கும். அதைப் பிரித்தெடுத்து அடியில் ஓடவிடுங்கள். வீட்டுக்காரர்களுக்கு அந்தச் சத்தம்தான் வேண்டும்.

அப்புறம் நகல். கஜா புயல் வந்தது 2018 நவம்பர் 16 விடியற்காலை. ஓடு பறந்து, மேசையில் இருந்த கம்ப்யூட்டரும் பக்கத்திலேயே இருந்த நகல் டிஸ்க்கும் சேர்ந்து நனைந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரவே 19 நாள். நகலை அதே அறையில் வைத்தால் அது நகல் இல்லை. என் இரண்டாவது டிஸ்க் இப்போது மன்னார்குடியில் அம்மா வீட்டு பீரோவில், புடவைக்கு நடுவில் இருக்கிறது. இணையத்தில் ஏற்றிவிடலாமே என்பார்கள். 20 ஜிபியை 10 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்ற நாலரை மணி நேரம், நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால்.

திருவாரூர் கணக்கு

சுருக்கமாக. உத்யம், அதாவது சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு, இலவசம், ஆதாரும் பான் கார்டும் போதும். "2,000 கொடுங்கள், நாங்கள் எடுத்துத் தருகிறோம்" என்று வருபவரை அனுப்பிவிடுங்கள். சேவைத் தொழிலில் வருடத்துக்கு 20 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. அந்தக் கவலை வந்தால் சந்தோஷப்படுங்கள். இந்த வருமானத்தையும் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்கில் காட்ட வேண்டும். வாங்கியதையும் செலவையும் முதல் நாளிலிருந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஃபைவர் உங்கள் கூலியில் 20 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளும். 1,000 ரூபாய் வேலை என்றால் கைக்கு 800. புது ஆளுக்கு அங்கே வேலை கிடைப்பதும் லேசில்லை. பாபநாசத்திலேயே தொடங்குங்கள்.

பாபநாசம் பில் கவுண்டர்

எல்லோருக்கும் நன்றி. பயிற்சி நிலையத்துக்குப் போகவில்லை. 8 ஜிபி ராம் வாங்கிப் போட்டேன். பிராக்ஸி வைத்தபிறகு லேப்டாப் மனுஷன் மாதிரி நடந்துகொள்கிறது.

அக்கா சொன்னபடி விசாரித்தேன். கடைக்கு வரும் கபிஸ்தலத்துக்காரர் ஒருவர் இயற்கை விவசாய சேனல் வைத்திருக்கிறாராம். யூரியா விற்கிற என்னிடம் கொடுப்பாரா என்று தெரியவில்லை, கேட்டுவைத்திருக்கிறேன்.

முதல் வேலை வந்துவிட்டது. முதலாளியின் மச்சானுக்குத் திருக்கடையூரில் சஷ்டியப்தபூர்த்தி முடிந்தது. அண்ணன் சொன்ன மாதிரியே எழுதி அனுப்பினேன், 2,500-க்கு ஒத்துக்கொண்டார்கள், பாதி ஜிபேயில் வந்தது. முதலாளி மட்டும் "என்னடா, நமக்கே அட்வான்ஸா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார் என்று நினைக்கிறேன். 212 கிளிப் வந்திருக்கிறது. அதில் 140 வாட்ஸாப்பில் வந்து மங்கிப்போனது. யானை மாலை போடுகிற கிளிப் உட்பட. என்ன செய்யலாம்?

குடந்தை பழைய மிக்ஸிங்

140-ஐயும் திரும்பக் கேட்காதே, அலுத்துப்போவார்கள். முதலில் மங்கியதை வைத்தே வெட்டி முடி. கடைசியில் அதில் முப்பது நாற்பதுதான் நிற்கும். அதை யார் யார் அனுப்பினார்கள் என்று பார்த்து, அந்தக் கிளிப்பை மட்டும் வாட்ஸாப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல். 2 ஜிபி வரை அப்படியே வரும். வந்ததும் பழைய இடத்தில் மாற்றி வை.

யானை கிளிப்புக்கு மட்டும் இன்றைக்கே போன் பண்ணு. போனில் இடம் இல்லை என்று யாராவது அழித்துவிடப் போகிறார்கள்.