சட்டையில் எழுதியிருந்ததைப் படித்தவர்கள்

அல்சூரிலிருந்து ஒருவர்:

உறுப்பு தானம், இரத்ததானம் பற்றிய விழிப்புணர்வுக்கான சைக்கிள் பேரணியில், பெங்களூரிலிருந்து கன்னியாகுமரி வரை 650 கிலோமீட்டருக்கு மேல் ஐந்து நாளில் மிதித்து முடித்து, சென்ற ஞாயிறன்று வீடு திரும்பினேன். தொப்பூர் இறக்கத்தைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் உடன் வந்தவர்கள் விரிவாக எழுதுவார்கள். முதல் நாள் நடந்த ஒன்றை எங்காவது இறக்கி வைத்தால் போதும் என்றிருக்கிறது எனக்கு.

காவேரிப்பட்டணம் தாண்டியதும் பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. வெடித்த லாரி டயரிலிருந்து சாலையோரத்தில் சிதறிக் கிடக்கும், தலைமுடி போன்ற அந்தக் கம்பிதான். மாற்று டியூப் ஓசூருக்கு முன்பே செலவாகிவிட்டிருந்ததால், பஞ்சர் கடை ஒன்றுக்கு உருட்டிக்கொண்டு போனேன். கடையின் காற்றுக்குழாய் என் சைக்கிளின் மெல்லிய வால்வில் பொருந்தவில்லை. கைப்பம்பால் நான் காற்றடிக்க, அவர் டியூபைத் தொட்டியில் அமுக்கிக் குமிழியைக் கண்டுபிடித்தார். துடைத்து, அரத்தால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டுத்துண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே என் சட்டையில் உறுப்பு தானம் பற்றி எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"எங்கிட்டயும் கேட்டாங்க சார். தம்பி அடிபட்டு ஆஸ்பத்திரியில கெடந்தான். அவன் சம்சாரம் சரின்னுட்டா. நான்தான் வேண்டாம்னுட்டேன். நெஞ்சு ஏறி எறங்கிக்கிட்டுத்தான சார் இருந்துச்சு? அதைப் போயி செத்த உடம்புன்னா எப்படி?"

புறப்படுவதற்கு முன் நடந்த பயிற்சி வகுப்பில் இதே கேள்விக்கு எங்களுக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பதில் எனக்கு மனப்பாடம். ஆனாலும் வாய் திறக்க முடியவில்லை. ஒட்டு எப்போதோ பிடித்துவிட்டிருக்க வேண்டும். அவர் மட்டும் கட்டைவிரலை எடுக்கவேயில்லை. பிறகு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, பன்னிரண்டு மணிக்கு மேல் மிதிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

ஜாலஹள்ளியிலிருந்து:

தவறாக நினைக்க வேண்டாம். பதில் தெரிந்தும் பேசாமல் வருவதென்றால் சட்டையில் எழுதிக்கொண்டு போவது எதற்கு? சென்னையில் 2008இல் ஹிதேந்திரன் என்னும் பள்ளி மாணவனின் பெற்றோர் மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அந்த ஒரு செய்தி தமிழ்நாடு முழுவதும் இதைப் பற்றிப் பேசவைத்தது. இருவரும் மருத்துவர்கள் என்பதால், மூளை செத்த பிறகும் இயந்திரத்தால் நெஞ்சு ஏறி இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பஞ்சர் கடைக்காரருக்கு அதைச் சொல்ல அன்று உங்களை விட்டால் வேறு யார் இருந்தார்கள்?

என் அனுபவம் மிகச் சிறியது. நான் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவன். ஓசூர் வரை மட்டும் மிதித்தேன். காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் மாத்திரை தவறக்கூடாது என்பதால் அலாரம் அடித்ததும் எங்கிருந்தாலும் நின்றுவிடுவேன். வழியில் வரவேற்பு கொடுத்த ஒருவர் மாலையைப் போட்டுவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் "தழும்பைக் காட்டுங்களேன்" என்றார். புதிய சிறுநீரகத்தை முதுகுப் பக்கம் வைப்பதில்லை, அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைப்பார்கள். பழையவை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். நானும் விவரம் சொல்லிக்கொண்டே சட்டையைத் தூக்கினேன். பத்துப் பதினைந்து கைப்பேசிகள் உயர்ந்தன. ஏன் தூக்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கோரமங்களாவிலிருந்து, கல்லூரி மாணவி:

எங்கள் பயணத்தில் மூன்றாம் நாள் ஓர் இரத்ததான முகாம் இருந்தது. புகைப்படத்துக்காக முதலில் என்னை உட்கார வைத்தார்கள். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளியை நீலநிற மயில்துத்தக் கரைசலில் விட்டார்கள். அது மூழ்க வேண்டும். மூழ்கினால் நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாமல் இருக்கிறது என்று பொருள். என் துளி சற்றே கீழே போய்த் தயங்கி நின்று, மறுபடி மேலே வந்து மிதந்தது. கேமரா வைத்திருந்தவர் மெதுவாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "இன்றே இரத்தம் கொடுங்கள்" என்ற வாசகத்தை முதுகில் சுமந்துகொண்டு மீதி இரண்டு நாளும் மிதித்தேன்.

ராஜாஜிநகரிலிருந்து:

மாணவிக்கு ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. மயில்துத்தச் சோதனை துளியின் அடர்த்தியை மட்டுமே பார்க்கிறது. விளிம்பில் இருப்பவர்கள் கருவியில் மறுமுறை அளந்து பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

நான் இதற்கு நேர்மாறாக, காலையில் இரத்தம் கொடுத்துவிட்டு அன்றே மிதிக்கக் கிளம்பி, அத்திப்பள்ளி எல்லையில் சைக்கிளோடு சாய்ந்தேன். டீக்கடைக்காரர் ஒருவர் என் கால்களைத் தூக்கித் தன் ஸ்டூலின் மேல் வைத்தார். என் கதை அவ்வளவுதான். ஆனால் இனி ஏற்பாடு செய்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கொடுத்த இரத்தத்தின் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஈடாகிவிடும். சிவப்பணுக்கள் ஈடாக வாரக்கணக்கில் ஆகும். எனவே முகாமைப் பயணத்தின் முடிவில் வைக்க வேண்டுமே தவிர, தொடக்கத்திலோ நடுவிலோ வைக்கக்கூடாது. 18 வயதும் 45 கிலோ எடையும் இருந்தால் 350 மில்லிலிட்டர் கொடுக்கலாம். 450 மில்லிலிட்டர் கொடுக்க எடை 55 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். ஒருமுறை கொடுத்த பின் ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் காத்திருக்க வேண்டும். நூறு பேர் ஒரே நாளில் வரிசையில் நின்று கொடுப்பது படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. மழைக்காலத்தில் டெங்கு பரவும்போது இந்த ஊரில் இரவு பதினொரு மணிக்குத் தட்டணு தேடி அலைந்தவர்களுக்கு, அந்த நூறு பேரில் பத்துப் பேர் அந்த வாரம் வந்திருந்தால் போதுமே என்று தோன்றும். ஆகவே பேரணியில் பெயரையும் இரத்தப் பிரிவையும் எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு மாதம் சிலராக அழைப்பதே முறை. கிளம்பும் முன் நன்றாகத் தண்ணீர் குடியுங்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள்.

பிரேசர் டவுனிலிருந்து, ஓய்வுபெற்ற செவிலியர்:

ஜாலஹள்ளி நண்பருடன் நான் உடன்படவில்லை. கொடுப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்ட ஒருவரிடம், அதுவும் தம்பியைப் புதைத்தோ எரித்தோ முடித்துவிட்டவரிடம், அந்த நெஞ்சை இயக்கியது இயந்திரம்தான் என்று சாலையோரத்தில் நிரூபித்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் தீவிரச் சிகிச்சைப் பிரிவு. நேரம், சம்மதம் கேட்பதற்கு முன்பு.

1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்த பிறகே மூளைச்சாவு என்று எழுத முடியும். அந்தச் சோதனைகளில் ஒன்றில், பிராணவாயுவைச் செலுத்திக்கொண்டே, மூச்சை இயக்கும் இயந்திரத்திலிருந்து நோயாளியைச் சில நிமிடங்கள் விடுவித்து, உடல் தானாக ஒரு மூச்சாவது இழுக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒருமுறை ஒரு முதியவர் அதைத் தாமே பார்க்க வேண்டும் என்று கேட்டார்; மருத்துவரும் அனுமதித்தார். கட்டில் கம்பியைப் பிடித்தபடி, மகனின் மார்பை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். எட்டு நிமிடம். அன்று கீழே வாசலில் இதே போன்ற ஒரு சைக்கிள் பேரணியை வரவேற்க மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். மூடிய ஜன்னலையும் மீறி அது எங்களுக்குக் கேட்டது. நான் இறங்கிப் போய்க் கேட்டுக்கொண்டதும் நிறுத்திவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது பெரியவர், "ஒரு தடவைகூட அசையல" என்றார். அவர் பிறகு சம்மதித்தாரா என்பதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபரில் மறைந்து, அவருடைய கண்கள் தானமாகக் கொடுக்கப்பட்ட பிறகு பெங்களூரில் பலரும் கண்தானத்துக்குப் பெயர் கொடுத்தார்கள். கண்ணுக்கு மூளைச்சாவு தேவையில்லை. இதயம் நின்று ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால் போதும். அதே ஆண்டு ஜூனில் நடிகர் சஞ்சாரி விஜய் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதித்தவர்கள் அவருடைய குடும்பத்தார். நாம் உயிரோடு இருக்கும்போது எந்தப் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தாலும், அந்த நேரத்தில் மருத்துவமனையில் கேட்கப்படுபவர்கள் வீட்டார்தான்.

அல்சூர்க்காரர் மீண்டும்:

செவிலியர் அம்மாவுக்கு நன்றி. ஜாலஹள்ளி நண்பரின் கோபமும் எனக்குப் புரிகிறது. ஆனால் அடுத்த முறை அந்தக் கடையில் நின்றாலும் நான் பேசுவேன் என்று தோன்றவில்லை.

இதைப் படித்த அன்று மாலையே வீட்டில் ஒன்று நடந்தது. பயணத்துக்கு முதல் நாள் உறுப்பு தான உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டு, அவர்கள் கொடுத்த அட்டையைச் சட்டையின் பின்பையில் போட்டிருந்தேன். துவைக்க ஊறவைத்த வாளியிலிருந்து மனைவி அதை எடுத்துக்கொண்டு வந்தார். என் பெயர் அழிந்துபோயிருந்தது. இரத்தப் பிரிவு மட்டும் தெரிந்தது. என்ன அட்டை என்று கேட்டார், சொன்னேன்.

"அப்படி ஏதாவது ஆச்சுன்னா அவங்க யாரைக் கேப்பாங்க?"

"உன்னைத்தான்."

"கன்னியாகுமரி வரைக்கும் சொல்லிக்கிட்டுப் போயிருக்கீங்க. எங்கிட்ட எப்பச் சொல்றதா இருந்தீங்க?"

அட்டையைச் சட்டைக்குப் பக்கத்தில் கொடியில் கிளிப் போட்டு மாட்டியிருக்கிறார். இன்னும் காயவில்லை.