புதிய ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டரை முதல் சர்வீசுக்கு முன் ஏற்காடு மலையில் ஓட்டலாமா?

கோரிமேடு ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் சேலம் கோரிமேட்டில் குடியிருந்துகொண்டு ஏற்காட்டில் ஒரு பள்ளியில் பணிபுரிகிறேன். இதுவரை பேருந்தில்தான் சென்று வருகிறேன். மாலையில் சிறப்பு வகுப்புகள் முடியும் நேரத்துக்குப் பேருந்து ஒத்து வராததால், கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்றை வாங்க முடிவு செய்திருக்கிறேன். சமவெளியில் அண்ணனின் ஸ்கூட்டரை ஓட்டிப் பழக்கம் உண்டு, ஆனால் மலையில் ஓட்டியதில்லை.

முதல் சர்வீஸ் முடியும்வரை மலைப்பக்கமே போக வேண்டாம் என்று ஷோரூமில் சொல்கிறார்கள். தொடக்கத்திலேயே நன்றாக முறுக்கி ஓட்டினால்தான் இன்ஜின் திறக்கும், இல்லையென்றால் வண்டி கடைசிவரை மந்தமாகவே இருக்கும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்கிறார். இரண்டில் எது சரி? 110 சிசி வண்டி போதுமா, 125 வேண்டுமா? சில நாள்களில் அதே பள்ளியில் வேலை பார்க்கும் என் தங்கையும் பின்னால் அமர்ந்து வருவாள்.

அம்மாபேட்டை ஒர்க்‌ஷாப்

வணக்கம் அம்மா. இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, இரண்டிலும் குறையும் இருக்கிறது. புது இன்ஜினில் பிஸ்டன் ரிங்குகளும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று உரசி, மேடு பள்ளங்கள் தேய்ந்து, இறுக்கமாகப் பொருந்துவதற்குச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அந்தப் பொருத்தம் நன்றாக அமைய ரிங்குகளின் மேல் ஓரளவு அழுத்தம் விழ வேண்டும் என்பதால், எப்போதும் முப்பதிலேயே உருட்டிக்கொண்டிருப்பதும் நல்லதல்ல. அதே சமயம் உரசல் மிகுந்த அந்த நாள்களில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சூடு அளவுக்கு மீறிப் போகும். அதனால்தான் வண்டியோடு வரும் கையேடுகள் பொதுவாக இரண்டு செய்திகளைச் சொல்கின்றன: முழுதாக முறுக்காதீர்கள், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாதீர்கள்.

இரண்டாவது செய்தியைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஓமலூர் பக்கம் நான்கு வழிச்சாலையில் ஏறி ஒரே சீராக ஓட்டிக் கிலோமீட்டரைச் சேர்ப்பதைவிட, அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு, சூரமங்கலம் என்று நின்றும் கிளம்பியும் வேகம் மாறியும் ஊருக்குள் ஓட்டுவது புது இன்ஜினுக்கு மிகவும் நல்லது.

மலை ஏற்றத்தில் என்ன நடக்கிறது என்றால், கியர் வண்டியில் நாம் செய்யும் வேலையை இங்கே வேரியேட்டரும் (விகிதத்தைத் தானாக மாற்றும் கப்பி) பெல்ட்டும் தாமே செய்கின்றன. பாரம் கூடினால் பெல்ட் தாழ்ந்த விகிதத்துக்கு இறங்கி, வண்டி மெதுவாகப் போனாலும் இன்ஜினை வேகமாகச் சுழல வைக்கிறது. காற்றால் குளிரும் ஸ்கூட்டர் இன்ஜின்களில் தனியாக ஒரு விசிறி கூடவே சுழல்வதால் மெதுவான ஏற்றத்திலும் காற்று கிடைக்கும். ஆகவே மலை ஏறினாலே இன்ஜின் கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. என் கருத்து, முதல் முந்நூறு நானூறு கிலோமீட்டரைச் சமவெளியிலேயே முடித்துவிடுங்கள். அதன் பிறகு தனியாளாக, பாதி ஆக்சிலரேட்டருக்குச் சற்றே மேல் போகாமல், காலைக் குளிர்ச்சியில் மலை ஏறலாம். வழியில் ஓரிடத்தில் நிறுத்திச் சற்று ஓய்வு கொடுங்கள். தங்கையை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவது முதல் சர்வீசுக்குப் பிறகு இருக்கட்டும்.

அந்த முதல் சர்வீசைத் தள்ளிப்போடவே கூடாது. பெரும்பாலும் 750 முதல் 1000 கிலோமீட்டருக்குள், அல்லது ஒரு மாதத்துக்குள் வரச் சொல்வார்கள். தேய்ந்த உலோகத் துகள்கள் எல்லாம் அந்த ஆயிலில்தான் மிதக்கும் என்பதால், பார்ப்பதற்கு ஆயில் தெளிவாக இருந்தாலும் மாற்றச் சொல்லுங்கள். பின்சக்கரத்துக்கான கியர் ஆயில் வேறு. அதைப் பற்றியும் கேளுங்கள்.

சேர்வராயன் தோட்டம்

ஏற்றத்தைப் பற்றி ஒர்க்‌ஷாப் ஐயா எழுதியதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் நாள்தோறும் இந்த மலையில் வாழ்கிறவன் என்ற முறையில், என் கவலை ஏறுவதைப் பற்றியல்ல, இறங்குவதைப் பற்றியது. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1500 மீட்டர். இந்த வித்தியாசம் முழுவதையும் அடிவாரத்துக்கும் ஊருக்கும் இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறோம். கியர் வண்டிக்காரர் இரண்டாவது கியரில் போட்டு இன்ஜினை வைத்தே வண்டியைப் பிடித்துக்கொள்வார். ஆட்டோமேட்டிக்கில் அந்த வசதி மிகவும் குறைவு, அதுவும் எப்போதும் இருப்பதில்லை.

காரணம், இன்ஜினையும் பின்சக்கரத்தையும் இணைக்கும் பின்பக்கக் கிளட்ச். அது சுழற்சி வேகத்தால் விரிந்து பிடிக்கும் வகையைச் சேர்ந்தது. ஆக்சிலரேட்டரை முழுதாக விட்டு, வேகமும் ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால், கிளட்ச் சுருங்கித் தன் பிடியை விட்டுவிடும். அந்தக் கணத்திலிருந்து வண்டி மிதிவண்டி போலத் தானாக உருளும். வளைவுக்காக வேகத்தைக் குறைத்து, திரும்பி முடித்ததும் வண்டி திடீரென்று கட்டவிழ்ந்து ஓடுவதுபோல் தோன்றுவது இதனால்தான். அப்போது பதறாமல், பிரேக்கை மெல்லப் பிடித்தபடியே ஒரு நொடி இலேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்துவிட்டு மூடினால், கிளட்ச் மீண்டும் பிடித்து, இன்ஜின் ஓரளவு இழுத்து நிறுத்தும். எந்த வேகத்தில் பிடிக்கிறது, எந்த வேகத்தில் விடுகிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஆகவே முதலில் ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு சிறிய சரிவில் நான்கைந்து முறை இதைச் செய்து பார்த்து, உங்கள் வண்டியின் குணத்தைத் தெரிந்துகொண்ட பிறகே மலைக்கு வாருங்கள்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. அணைத்தால் இருக்கும் சிறிதளவு இன்ஜின் பிடியும் போய், முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். டிரம் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறி, லீவர் கைக்கு அருகில் வந்தும் வண்டி நிற்காத நிலை உண்டாகும். அழுத்தி, வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்துங்கள். 125 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் கூட்டு பிரேக் கட்டாயம் என்பதால் இடது லீவர் முன்சக்கரத்தையும் சேர்த்தே பிடிக்கும். இருந்தாலும் இரண்டு கைகளையும் பயன்படுத்துங்கள். கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி ஆற விடுங்கள்; சூடான டிரம்மின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும் என்பது விதி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மாலை நான்கு மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். முகப்பு விளக்கைத் தாழ்த்தியே வையுங்கள், உயர்த்தினால் பனியில் பட்டு வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பும். மழை கொட்டும் நாளில் மண்சரிவு நிகழ்வதும் உண்டு என்பதால், அன்று மட்டும் தயங்காமல் பேருந்துக்கே போய்விடுங்கள்.

சூரமங்கலம் வாசகர்

மலைக்குத்தான் என்றால் 125 எடுங்கள். 110 வண்டிகளின் முறுக்குவிசை (டார்க்) சுமார் 9 நியூட்டன் மீட்டர். 125 வண்டிகளில் அது 10 முதல் 11 வரை இருக்கும். ஏற்காட்டு உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் எந்த இன்ஜினும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வலுவை இழக்கும். இரண்டு பேரோடு ஏறும்போது அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். விலை சற்றுக் கூடினாலும் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள வகையையே கேளுங்கள்.

350 சிசி வரையுள்ள இருசக்கர வாகனங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. பழைய விலைப்பட்டியலை வைத்துப் பேசினால் ஏற்காதீர்கள். வண்டியை எடுக்கும்போது சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் பில்லோடு பொருந்துகின்றனவா என்று பார்த்து, படிவம் 21 (விற்பனைச் சான்று), படிவம் 22 (சாலைத் தகுதிச் சான்று), ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு ஆகியவற்றின் நகலையும் தலைக்கவசத்தையும் கேட்டு வாங்குங்கள்.

கோரிமேடு ஆசிரியை

மூவருக்கும் மிக்க நன்றி. கிளட்ச் விட்டுவிடும் செய்தியை ஷோரூமில் யாருமே எனக்குச் சொல்லவில்லை. மலைக்குப் போகிறேன் என்று தெரிந்தும் சொல்லாதது வருத்தமாக இருக்கிறது. டிஸ்க் உள்ள 125 எடுக்கிறேன். ஒரே ஒரு ஐயம்: டயரும் பிரேக்கும் புதிது என்பதால் அவை முதல் நாளிலிருந்தே நன்றாகப் பிடிக்கும் அல்லவா?

அம்மாபேட்டை ஒர்க்‌ஷாப்

இல்லை அம்மா, புதிதாக இருப்பதே அங்கே குறை. புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். ஏறக்குறைய 150 கிலோமீட்டர் ஓடி அது சொரசொரப்பாகும்வரை ஈரச் சாலையிலும் வளைவிலும் வண்டியை அதிகமாகச் சாய்க்கக் கூடாது. பிரேக் ஷூவும் பேடும் டிரம்மோடும் டிஸ்க்கோடும் முழுமையாகப் படிவதற்கும் அதே போலக் கொஞ்ச நாள் ஆகும். சமவெளியில் சில நூறு கிலோமீட்டர் முடியுங்கள் என்று நான் சொன்னது இன்ஜினுக்காக மட்டுமல்ல, இவற்றுக்காகவும்தான்.

காற்றழுத்தத்தை டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். ஒருவர் போவதற்கும் இருவர் போவதற்கும் பின்சக்கர அளவு வேறு வேறாகக் கையேட்டில் இருக்கும். தங்கை வருகிற நாளில் கிளம்பும் முன்பே காற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். முதல் சர்வீசுக்கு விடும்போது மலையில் ஓடுகிற வண்டி என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, பிரேக்கின் தளர்வையும் அன்றே சரிசெய்து வாங்குங்கள்.