கீமோ நடக்கும்போது வரைகிறேன். யாரிடம் காட்டுவது?

நீலமை எழுதியது:
வணக்கம். மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து, இப்போது வாராவாரம் பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து ஏறுகிறது. மருந்து ஏறிய அன்று ராத்திரி தூக்கமே வராது. அலர்ஜி வராமலிருக்க முன்னால் போடும் டெக்சாமெத்தசோன் செய்யும் வேலை என்றார் நர்ஸ். அந்த நேரத்தில் ஒரு நோட்டில் வரைய ஆரம்பித்தேன். மருந்துக் குழாய், சொட்டு விழும் சின்னக் கூடு, பக்கத்து நாற்காலியில் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதம். வரைகிற வரைக்கும் அடுத்த ஸ்கேன் பற்றிய நினைப்பு கிட்டே வருவதில்லை.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் போட்டேன். "இதையெல்லாம் ஏன் வரைகிறாய், பூ வரை, பாசிட்டிவாக இரு" என்று பதில் வந்தது. அதற்கப்புறம் நோட்டைத் திறக்க மனசு வரவில்லை. விரல் நுனியும் மரத்துப்போய் பென்சில் நழுவுகிறது. நீங்களெல்லாம் என்ன செய்தீர்கள்?

காகிதக்கப்பல் எழுதியது:
முதலில் அந்த மரத்துப்போவதை அடுத்த டோஸுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பாக்லிடாக்செல் நரம்பைப் பாதிக்கும். அதிகமானால் அளவைக் குறைப்பார்கள், இல்லை தள்ளிப்போடுவார்கள். சட்டைப் பொத்தான் போட முடிகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவர்களுக்கு அது உதவும்.

வரைவதற்குத் தடிமனான கிரேயான் பிடிக்க எளிது. ஓவியர் மத்தீஸுக்கு 1941-இல் குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது. அப்புறம் பெரும்பாலும் படுக்கையும் சக்கர நாற்காலியும்தான். உதவியாளர்கள் வண்ணம் பூசித் தந்த காகிதத்தைக் கத்தரித்தே பெரிய பெரிய படங்கள் செய்தார். ஆனால் உங்களுக்கு இப்போது கத்தரி வேண்டாம். விரலில் உணர்ச்சி குறைவு, வெள்ளணுவும் குறைந்திருக்கலாம், சின்ன வெட்டுப் பட்டாலும் தொற்று வரலாம். கையாலேயே கிழித்து ஒட்டுங்கள். கிழிந்த விளிம்பு அழகாகவே இருக்கும்.

மாலைவெயில் எழுதியது:
தோழி, எனக்கு லிம்போமா, நிணநீர் மண்டலப் புற்றுநோய். ரத்தப் பரிசோதனைத் தாள்களின் பின்பக்கத்தில் கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு வந்த அதே பதில் எனக்கும் வந்தது. வீட்டாரைக் கோபித்துப் பயனில்லை. அவர்கள் கண்ணில் பட்டது படமில்லை, குழாய்தான். பயந்துபோய்ப் பூ கேட்கிறார்கள்.

நான் ஒரே ஒரு சிநேகிதியைத் தேர்ந்தெடுத்தேன். போனில் வாசித்துக் காட்டுவேன். எந்த வரி மனசில் நின்றது என்று மட்டும் சொல், ஆறுதல் வேண்டாம், யோசனை வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன். ஒருமுறை அவள், "மூன்றாவது வரியில் ஊசி என்று சொல்லாமலே வலிக்கிறது" என்றாள். அன்று முழுக்க நான் நோயாளியாக இல்லை, எழுதுகிறவளாக இருந்தேன். அப்படி ஒருவர் போதும். குரூப்பில் உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

இன்னொன்று, அந்தப் பாதத்துக்குரியவரிடம் படத்தைக் காட்டிப் பாருங்களேன். வெளியே எங்காவது போடுவதாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஈரமண் எழுதியது:
யாரிடமும் காட்டாமலும் இருக்கலாம். உளவியலாளர் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்களை உலுக்கிய அனுபவத்தைத் தொடர்ந்து நான்கு நாள், தினமும் 15 நிமிடம் எழுதினார்கள். யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. எழுதி முடித்த கையோடு மனசு கனத்தது, ஆனால் அடுத்த மாதங்களில் சுகாதார மையத்துக்குப் போவது குறைந்தது. அதனால் வரைந்த பிறகு அழுகை வந்தால் பயப்படாதீர்கள். அந்தக் கனம் நாள்கணக்கில் இறங்கவில்லை என்றால் மட்டும், நோட்டை நம்பி இருக்காமல் சிகிச்சைக் குழுவிடம் மனநல ஆலோசகரைக் கேளுங்கள்.

நீலமை எழுதியது:
எல்லோருக்கும் நன்றி. விரல் விஷயம் நாளைக்கே போன் செய்து சொல்கிறேன். பக்கத்து நாற்காலி அம்மாவிடமும் காட்டப்போகிறேன். அவர் எப்போதும் என் நோட்டையே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். காகிதம் கிழிக்க ஆசையாக இருக்கிறது, ஆனால் பசை வாசனைக்கே குமட்டுகிறது. என்ன செய்யலாம்?

காகிதக்கப்பல் எழுதியது:
குழந்தைகள் பயன்படுத்தும் குச்சிப் பசை வாங்குங்கள். அதில் வாசனை அதிகம் இருக்காது, விரலிலும் ஒட்டாது.