நார்கொண்டம் தீவில் வெள்ளாடு மேய்ந்தால் என்ன கேடு?

கேள்வி (காரைக்குடி):
எங்கள் வீட்டு முகப்பில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களின் கதையைப் பேத்திக்குச் சொல்வதற்காக வங்காள விரிகுடா வரைபடத்தைப் பிரித்தபோது, அந்தமானுக்குக் கிழக்கே நார்கொண்டம் என்றொரு புள்ளி கண்ணில் பட்டது. ஏழு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத அத்தீவு காட்டுயிர்ச் சரணாலயம் என்றும், அங்கிருந்த காவலர்களின் ஆடுகள் அப்புறப்படுத்தப்பட்டன என்றும் படித்தேன். நம் பக்கம் கண்மாய்க்கரையெங்கும் வெள்ளாடு மேய்கிறது. அங்கே மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி?

பதில் (தேவகோட்டை):
ஐயா, நார்கொண்டம் இருவாச்சி என்ற பறவைக்கு உலகில் வேறு வீடே கிடையாது. ஆணுக்குக் கழுத்து செம்பழுப்பு, பெண்ணுக்குக் கருப்பு. பெண் பறவை பெருமரப் பொந்துக்குள் புகுந்து, சிறு கீறல் மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ள, ஆண் அக்கீறல் வழியே அத்திப்பழங்களை ஊட்டிக் காப்பாற்றும். ஆகவே பொந்து விழும் அளவுக்கு முதிர்ந்த மரமும் காட்டத்தியும் இல்லையென்றால் குஞ்சும் இல்லை. ஆடாதொடையைத் தவிர வெள்ளாடு எதை விட்டுவைக்கும்? 1970களில் காவல் சாவடியின் உணவுத் தேவைக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகள் பெருகி, முளைத்த கன்றுகளை மேய்ந்தன. நம் கண்மாய்க்கரையில் ஆலங்கன்று அழிந்தால் அடுத்த ஊர் விதையைப் பறவை கொண்டுவந்து எச்சமிடும். நடுக்கடலில் அடுத்த ஊர் ஏது? அங்கே விதை பரப்புவதில் பெரும்பங்கு அந்த இருவாச்சிக்கே.

பதில் (கண்டனூர்):
ஆட்டைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் எல்லையோரத் தீவில் கண்காணிப்பு ரேடார் வேண்டாம் என்றும் சிலர் எதிர்த்தார்களே, நாட்டின் பாதுகாப்பைவிடப் பறவை பெரிதா?

பதில் (தேவகோட்டை):
தங்கள் கேள்வியில் நியாயம் உண்டு. ரேடார் அமைக்கும் கடலோரக் காவல்படையின் திட்டத்தை 2012இல் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயந்தி நடராஜன் ஏற்கவில்லை. 2014இல் மத்திய அரசு அனுமதி வழங்கியது. எதிர்த்தவர்களை அஞ்சவைத்தது ரேடாரைவிட, அதற்காகக் காட்டை வகிர்ந்து மேட்டுக்குப் போடும் சாலையும் டீசல் மின்நிலையமும்தான். பிரான்மலையைத் தூக்கிக் கடலுக்குள் வைத்ததுபோல் எண்ணிப் பாருங்கள். 710 மீட்டர் உயர எரிமலைச் சரிவில் சாலை வெட்டினால் மண் சரியும், வெளியூர்க் களைச்செடிகளும் அவ்வழியே உள்ளே நுழையும். ரேடாருக்கு வேறு இடம் தேடலாம், இருவாச்சிக்குத் தேட முடியாது என்பது என் கட்சி.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தேக்குத் தூணில் தொடங்கிய கதை பொந்துக்குள் அடைந்த இருவாச்சியில் வந்து நிற்கிறது. குஞ்சு வெளிவரும்வரை தாய்க்கு யார் சோறு போடுவார்கள் என்று பேத்தி கேட்பாள். அதற்கு இப்போது பதில் இருக்கிறது.