மேக் ஓஎஸ்ஸை மற்ற கம்பெனிகளுக்கும் லைசன்ஸ் கொடுத்தால் என்ன?

மஞ்சக்குப்பம் டிடிபி:
கடலூர், புதுச்சேரி பக்கம் டிசைன் வேலை பார்க்கிறவர்களுக்கு உப்புக்காற்றுதான் முதல் எதிரி. அசெம்பிள்டு பிசி பீப் அடித்துவிட்டு டிஸ்ப்ளே வரவில்லையா? ராமைக் கழற்றி, அந்தத் தங்க நிற விளிம்பை அழிரப்பரால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் ஓடிவிடும். ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1-லிருந்து வந்த மேக்குகளில் ராம் பிராசசரோடு ஒரே பேக்கேஜில் இருக்கிறது, தொடவே முடியாது. ஓஎஸ்ஸை, அதாவது கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளை மட்டும் மற்றவர்களுக்குக் கொடுத்தால் நமக்கேற்ற பெட்டி கிடைக்குமே. ஆப்பிள்காரர்கள் ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்?

லாஸ்பேட்டை:
கொடுத்துப் பார்த்தார்கள் தம்பி. 1995-லிருந்து பவர் கம்ப்யூட்டிங், ரேடியஸ், யூமேக்ஸ், மோட்டோரோலா எல்லாம் லைசன்ஸோடு மேக் குளோன், அதாவது மேக் ஓஎஸ் ஓடும் தங்கள் சொந்தப் பெட்டிகளை விற்றன. விண்டோஸ்காரர்களை இந்தப் பக்கம் இழுத்து வருவார்கள் என்பது கணக்கு. ஆனால் பவர் கம்ப்யூட்டிங் வேகமான பவர்பிசி சிப்பைப் போட்டு, ஆப்பிளின் விலை உயர்ந்த மாடல்களை வாங்கிக்கொண்டிருந்த அச்சு, டிசைன் ஆட்களையே கொத்திக்கொண்டு போனது. ஆப்பிளின் ஒரு பவர்மேக் கம்ப்யூட்டர் விற்காமல் போனால் விடுகிற லாபத்துக்கு ஒரு குளோனின் லைசன்ஸ் பணம் எந்த மூலைக்கு?

1997-ல் ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்தார். குளோன் ஒப்பந்தங்கள் சிஸ்டம் 7-க்குத்தான். அதனால் 7.7 ஆக வரவிருந்ததற்கு மேக் ஓஎஸ் 8 என்று பெயர் வைத்தார்கள், பழைய ஒப்பந்தம் அதற்குச் செல்லாமல் போகட்டும் என்று. பவர் கம்ப்யூட்டிங்கின் மேக் தொழிலை 10 கோடி டாலர் பங்குகள் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். அதோடு சரி.

முத்தியால்பேட்டை:
லாஸ்பேட்டை அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்க்கணும். மைக்ரோசாஃப்ட்டுக்கு லைசன்ஸ் ஓடியது, அவர்கள் அப்போது பெட்டி விற்காததால். 1981-ல் ஐபிஎம்மின் பிசிக்கு டாஸ் என்ற ஓஎஸ்ஸைக் கொடுத்தபோதே மற்றவர்களுக்கும் விற்கும் உரிமையை வைத்துக்கொண்டார்கள். காம்பேக் கம்பெனி, ஐபிஎம் பயாஸை (பிசியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) காப்பியடிக்காமல் அதே வேலை செய்யும் பயாஸைத் தானே எழுதியதும், ஐபிஎம்மின் சந்தை ஐபிஎம் கையை விட்டுப் போனது. கையடக்கக் கம்ப்யூட்டர் விற்ற பாம் கம்பெனியும் ஹேண்ட்ஸ்பிரிங், சோனிக்கு ஓஎஸ் கொடுத்துவிட்டு அவர்களோடேயே கடையில் மோதியது. கடைசியில் 2003-ல் ஓஎஸ்ஸைப் பாம்சோர்ஸ் என்று தனியாகப் பிரிக்க வேண்டிவந்தது. பெட்டியில் பிழைக்கிறவன் ஓஎஸ்ஸை வாடகைக்கு விடக்கூடாது என்பதுதான் என் கருத்து.

மஞ்சக்குப்பம் டிடிபி:
அப்போ சாதா பிசியில் மேக் ஓஎஸ் போடும் ஹாக்கின்டோஷ்தான் வழியா?

லாஸ்பேட்டை:
தொழிலுக்கு வேண்டவே வேண்டாம். ஆப்பிள் முத்திரை உள்ள கம்ப்யூட்டரில் மட்டும்தான் போடலாம் என்று லைசன்ஸிலேயே இருக்கிறது. அதை மீறிப் பிசியில் போட்டு விற்ற சைஸ்டார் கம்பெனி 2009-ல் வழக்கில் தோற்றது. பிசியில் மேக் ஓஎஸ்ஸை ஓட வைக்கும் ஓப்பன்கோர், லிலு, விர்ச்சுவல்எஸ்எம்சி மென்பொருள்களை எல்லாம் சரியாக வைத்தாலும் ஒரு அப்டேட்டில் வைஃபை போகும். சொனோமா என்ற மேக் ஓஎஸ் பதிப்பில் பழைய பிராட்காம் வைஃபை கார்டுகளுக்கு அதுதான் நடந்தது. என்விடியா ஆர்டிஎக்ஸ் கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு டிரைவரே கிடையாது. போதாததற்கு இன்டெல் மேக்குக்கு மேக் ஓஎஸ் 26-தான் கடைசி.

மேக்தான் வேண்டுமென்றால் வாங்கும்போதே தேவையான ராமைப் போட்டு வாங்குங்கள், பின்னால் ஏற்ற முடியாது. பிசி என்றால் விண்டோஸ் ரீடெய்ல் லைசன்ஸ் (கடையில் தனியாக வாங்குவது) எடுங்கள். ஓஇஎம் லைசன்ஸ் (புதுக் கம்ப்யூட்டரோடு வருவது) முதலில் போட்ட மதர்போர்டோடு கட்டுண்டது. நம்ம ஊர்க் காற்றில் போர்டு போய் வேறு மாடல் போர்டு போட்டால் லைசன்ஸும் போய்விடலாம். ரீடெய்ல் என்றால் புது போர்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.